தந்தத்தால் ஒரு வயலின்

சங்கீத வித்வான் ஒருவரின் வாழ்க்கையைத் திரைப்படமாக எடுக்க முன்வருபவர்கள் துணிச்சல்காரர்கள் என்பது என் எண்ணம். வீரனின் கதையென்றால் வாளைச் சுழற்றிக் காட்டலாம். அரசியல் தலைவரின் கதையென்றால் பெருங்கூட்டத்தைக் கூட்டிக் காட்டலாம். பாட்டு ஒன்று மனத்துக்குள் முளைவிடும் நேரத்தை எந்தக் கருவி கொண்டு படம் பிடிப்பது? ஆயினும் அத்தகைய படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சங்கீதத்தில் எனக்குள்ள ஞானம் மிகச் சொற்பம். சங்கராபரணத்தையும் கல்யாணியையும் பிரித்தறிவதற்குள் பாடகர் மங்களம் பாடிவிடுவார். திரைப்பட நுணுக்கமும் அறியேன். ஆகவே இக்கட்டுரையை ஒரு பாமர ரசிகனின் அபிப்பிராயமாக மட்டுமே அன்பர்கள் கொள்ள வேண்டுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை முன்னிட்டு எழுந்த ஒரு வழக்குத்தான் இதை எழுதத் தூண்டியது.

படத்தின் பெயர் ‘சுவாதித் திருநாள்’. லெனின் ராஜேந்திரன் இயக்கி 1987இல் வெளிவந்த மலையாளப் படம். அது வந்தபோது நான் தஞ்சை மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் சிறுவன். திருவனந்தபுரம் என்றால் தேசப்படத்தின் அடிக்கோடியில் ஒரு புள்ளி, அவ்வளவே. உத்தியோகத்தின் பொருட்டு அந்தப் புள்ளியிலேயே வந்து குடியேறுவேன் என்று அன்று யார் கண்டது? சென்ற ஆண்டு நவராத்திரிக்குச் சில நாள்கள் முன்பு, பாட்டு கற்கும் என் மகள் ‘டீச்சர் பார்க்கச் சொன்னார்’ என்று கூறி, கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து அப்படத்தை ஓடவிட்டாள். அம்மா காலமானபின் எங்களோடு வந்து தங்கியிருந்த அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

அப்பாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்கும் அவருக்கு இவ்வூரில் எதுவும் பிடிபடவில்லை. சோறு பருமன்; மழைக்குக் காலநேரம் இல்லை; பேச்சு பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, தினமும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார். ஆளில்லாத வீட்டுக்குத் தனியே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

படம் ஓடிற்று. பிறப்பதற்கு முன்பே அரசர் என்று குறிக்கப்பட்டதால் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ எனப் பெயர்பெற்ற குழந்தை; இரயிம்மன் தம்பி அக்குழந்தைக்காக இயற்றிய ‘ஓமனத் திங்கள் கிடாவோ’ என்னும் தாலாட்டு; தாயை இழந்த பிள்ளையைத் தன் பொறுப்பில் வளர்க்கும் சிற்றன்னை கவுரி பார்வதி பாய். மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நம்முடெ மகாராஜாவு” என்று மலையாளத்தில் பெருமையோடு சொன்னாள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

“உங்க மகாராஜா சபையில வித்தையைக் காட்டினவங்க எங்க தஞ்சாவூர்க்காரங்கம்மா. அதுல வடிவேலு எங்கே? அவரைக் காட்டச் சொல்லு.”

“வடிவேலுவா தாத்தா? காமெடி நடிகரா?” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த வடிவேலு அவர் ஒருவர்தான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரே வீட்டுக்குள் ‘உங்க’, ‘எங்க’ என்னும் இரண்டு சொற்கள் வேலிபோல் எழுந்து நிற்பதை நான் அன்றுதான் கண்டேன். மீதிப் படத்தை மகளும் நானும் பார்த்து முடித்தோம். மறுநாள் இரவு நான் மட்டும் தனியே இன்னொரு முறை பார்த்தேன்.

படத்தைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அரண்மனை என்றதும் ஆடம்பரத்தில் இறங்கிவிடும் வழக்கத்தை இது பின்பற்றவில்லை. அனந்த் நாக் அரசராக நடிக்கவில்லை; ஒரு தனியனாக நடித்திருக்கிறார். அவருடைய கண்களில் எப்பொழுதும் ஒரு களைப்பு தேங்கி நிற்கிறது. பாடல்களை நிதானமாகப் பாடவிட்டு, அவசரமின்றி அடுத்த காட்சிக்கு நகர்கிறார் இயக்குநர். இடதுசாரிக் கொள்கையில் ஊறி, 1989இலும் 1991இலும் ஒற்றப்பாலம் தொகுதியில் தேர்தலுக்கும் நின்ற ஒருவர், ஓர் அரசரைப் பற்றி இத்தனை பரிவோடு படம் எடுத்தது எனக்கு வியப்பாக இருந்தது. அரசர்கூட ஒருவகையில் சிறைப்பட்டவரே என்பதை அவர் கண்டிருக்கிறார் போலும்.

வரலாறும் அதற்கு இடம் தருகிறது. 1813இல் பிறந்து, 1829இல் பதினாறாம் வயதில் ஆட்சியை ஏற்றவர் சுவாதித் திருநாள். இந்நகரின் பொது நூலகம் அவர் ஆட்சியேற்ற அதே ஆண்டில் தோன்றியது. பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்த ஆங்கிலப் பள்ளி 1834இல் எழுந்தது. வானிலை நோக்கும் விண்ணாய்வுக்கூடம் 1837இல் நிறுவப்பட்டது. சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் ஏறத்தாழ நானூறு உருப்படிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. 1840இல் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் ஆட்சியின் ஒவ்வொரு காரியத்திலும் தலையிட, மனம் ஒடிந்த அரசர் 1846 டிசம்பரில் முப்பத்து மூன்றே வயதில் மறைந்தார். இந்த நெருக்கடியைப் படம் நன்றாகவே உணர்த்துகிறது.

எனக்குள்ள குறை வேறு. பாட்டுகள் பெரும்பாலும் முழுமை பெற்ற நிலையிலேயே நம்மிடம் வந்து சேருகின்றன. பழம் காணக் கிடைக்கிறது. உழவு காணக் கிடைக்கவில்லை. ஒரு சரணத்துக்காக உறக்கமிழந்ததும், ஒரு சொல் தாளத்துக்குள் அடங்காமல் அடம்பிடித்ததும், பக்கத்தில் இருந்த வித்வான் ‘இப்படி இருக்கலாமே’ என்று வாசித்துக் காட்டியதும் அந்தச் சபையில் நிகழாமலா இருந்திருக்கும்? நடு வெளிச்சம் முழுவதும் அரசர் மேல் விழ, பக்கத்தில் இருந்தவர்கள் அரையிருளில் நிற்கிறார்கள். அப்பா தேடிய வடிவேலுவும் அவர்களில் ஒருவர்.

யார் அந்த வடிவேலு? சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரைத் ‘தஞ்சை நால்வர்’ என்று இசையுலகமும் நாட்டிய உலகமும் போற்றும். நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த பெருமை அவர்களுக்கு உரியது. 1810இல் பிறந்த இளையவர் வடிவேலு. மேல்நாட்டு வாத்தியமாகிய வயலினை நம் சங்கீதத்துக்கு இணங்க வைத்த முன்னோடிகளில் பாலுசுவாமி தீட்சிதரோடு சேர்த்து எண்ணப்படுபவர். சகோதரர்களோடு திருவனந்தபுரம் வந்தவர், சுவாதித் திருநாளின் சபையில் நிலைபெற்றார். மோகினியாட்டத்தின் வளர்ச்சியிலும் அவர் கை உண்டு. அரசர் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அவர் ஒருவர் மட்டுமன்று. அரசருக்கு ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் திவானாகவும் விளங்கிய சுப்பாராவ் தஞ்சாவூரிலிருந்து வந்தவர்; கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற மேருசுவாமியும் தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவரே. பாலக்காட்டிலிருந்து பரமேசுவர பாகவதர் வந்தார். ஆக, அந்தச் சபையே பிழைப்பையும் பெருமையையும் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களால் நிறைந்த ஒன்று. நம் சங்கத்து அன்பர்களுக்கு அது அன்னியமான காட்சியாகத் தோன்றாது.

இந்த இடத்தில் வேறொரு படம் நினைவுக்கு வருகிறது. மோத்ஸார்ட் என்னும் ஐரோப்பிய இசைமேதையைப் பற்றி 1984இல் வெளிவந்த ‘அமதேயஸ்’. மோத்ஸார்ட்டும் நம் அரசரைப் போலவே அற்பாயுளில், முப்பத்தைந்து வயதில், 1791இல் இறந்தவர். ஆனால் அப்படத்தில் கதையைச் சொல்பவர் அவரல்லர். வியன்னா அரண்மனையில் பணியாற்றிய இத்தாலியரான சாலியேரி. அவரும் ஊர்விட்டு வந்தவர்தாம். தன்னைவிட மேலான இசையைக் கேட்டுப் பொறாமையால் வெந்து, அதே நேரத்தில் அந்த இசையின் அருமையை வேறெவரையும்விட நன்றாக உணர்ந்தவராக அவரைக் காட்டுகிறார்கள். அந்தப் பகைமை பெரும்பாலும் கற்பனை. வரலாற்றில் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஆயினும் ஒரு பாடம் அதில் உண்டு: மேதையை அருகிலிருந்து பார்த்தவரின் கண்வழியே காட்டினால், பாட்டு உருவாகும் பாடு பார்வையாளனுக்கும் தெரியவருகிறது. சாலியேரி எழுதுகோலைப் பிடிக்க, நோயில் கிடக்கும் மோத்ஸார்ட் ஒவ்வொரு சுரமாகச் சொல்லும் காட்சியில், சங்கீதம் அறியாத நான்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுவாதித் திருநாளின் கதையை வடிவேலுவின் கண்வழியே, பொறாமைக்கு மாறாக நட்பை வைத்து, சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இவ்வாறு நான் சொல்வதைக் கேட்டு அப்பா மகிழ்ந்துபோய், “அதைத்தான் நானும் சொல்றேன், எல்லாம் நம்ம ஆளுங்க செஞ்சது. பேரு மட்டும் ராஜாவுக்கு” என்றார். அங்கேதான் நான் அவரோடு மாறுபட வேண்டியிருந்தது.

இது பழைய வழக்கு. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் உருப்படிகள் உண்மையில் அவருடையவைதாமா என்னும் ஐயத்தை 1980களில் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் எழுப்பினார். அதை மறுத்தும் பலர் எழுதினர். அரசர் மறைந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், அவருடைய பல உருப்படிகளுக்குப் பழைய மெட்டு தேய்ந்துபோயிருந்த நிலையில், 1939இல் இங்கே தொடங்கிய இசைக்கழகத்தின் தலைமையை ஏற்ற ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவற்றைத் திரட்டி, சீர்செய்து, மெட்டமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தனர். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே. ஆகவே இன்று நாம் கேட்கும் பாட்டில் அரசரின் சாகித்தியம் இருக்கிறது. பின்வந்தவர்களின் கைவேலையும் இருக்கிறது. எது எவருடையது என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் ஆகாது.

ஆனால் கோப்புகளோடு காலம் கழிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். ஒரு கடிதத்துக்கு முதலில் குறிப்பு எழுதுபவர் ஒருவர். வரைவு தயாரிப்பவர் ஒருவர். சிவப்பு மையால் திருத்துபவர் ஒருவர். இறுதியில் கையொப்பமிடுபவர் ஒருவர். வெளியே செல்லும் கடிதத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். அதனால் கடிதம் முழுவதும் கையொப்பமிட்டவருடையது என்பதும் தவறு. வரைவு எழுதியவனே எல்லாம் என்று அவன் மார்தட்டுவதும் தவறு. என் வரைவில் ஒரு சொல்லை மாற்றி, அந்த ஒரு சொல்லாலேயே கடிதத்தை நிமிர்ந்து நிற்கவைத்த அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். என் பெயரை எங்கும் சொல்லாமலே விட்டவர்களையும் கண்டிருக்கிறேன். கோப்பின் இடது ஓரத்தில் இடும் சுருக்கொப்பம் மட்டுமே நம் போன்றவர்களுக்கு மிஞ்சும் சாட்சி.

இதை அப்பாவிடம் சொல்லிவிட்டு, “தந்த வயலின்தான் வடிவேலுவின் சுருக்கொப்பம், அப்பா” என்றேன். பாட்டைத் திருடிக்கொள்ள எண்ணும் அரசன், அதற்குச் சாட்சியாக நிற்கக்கூடிய ஒருவனை ஊரறியக் கொண்டாடுவானா? தன் கையொப்பத்துக்குப் பக்கத்தில் இன்னொருவரின் கையும் இருந்தது என்பதை அழியாத பொருளால் எழுதிவைத்தவர் அவர். அரசர்கள் பொன்னும் நிலமும் தருவது வழக்கம். வாத்தியக்காரனுக்கு வாத்தியத்தையே தருவதென்றால், ‘நீ இன்னும் வாசிக்க வேண்டும், நான் கேட்க வேண்டும்’ என்பது அதன் பொருள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுக்கவுமில்லை.

வழக்கின் இன்னொரு பாதியை மகள் தீர்த்துவைத்தாள். தாத்தாவைச் சிரித்துக் காயப்படுத்திவிட்டோம் என்று உணர்ந்தவள், தன் டீச்சரிடம் கேட்டு வடிவேலுவைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தாள். அத்தோடு நில்லாமல், படத்தின் எழுத்தோட்டத்தை நிறுத்தி நிறுத்தித் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். அரசராக நடித்தவர் கன்னடக்காரர். பாட்டுகளில் சிலவற்றைப் பாடிய பாலமுரளிகிருஷ்ணா ஆந்திரத்தவர். அதற்காகவே 1987ஆம் ஆண்டின் சிறந்த பாடகர் விருதைக் கேரள அரசு அவருக்கு அளித்தது. பாடிய இன்னொருவராகிய ஜேசுதாஸ் கொச்சிக்காரர். இசையமைத்த எம்.பி. சீனிவாசன் நம்மவர், மலையாளத் திரையுலகம் தன்னவராகவே கொண்டாடிய அவர், படம் வந்த மறு ஆண்டில் இலட்சத்தீவில் காலமானார். சிற்றன்னையாக நடித்தவர் எம்.எல். வசந்தகுமாரியின் மகள் ஸ்ரீவித்யா. சென்னையில் பிறந்த அவர், இறுதியில் இத்திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு, 2006இல் இங்கேயே கண்மூடினார்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரசரைச் சுற்றி இருந்தவர்களைப் படம் அரையிருளில் விட்டது உண்மை. ஆனால் படத்தை ஆக்கியவர்களே, தாங்கள் அறியாமல், அந்தப் பழைய சபையை மறுபடியும் கூட்டிவிட்டார்கள். நான்கு மொழிக்காரர்கள் கூடினால்தான் சுவாதித் திருநாளின் கதையைச் சொல்லவே முடிகிறது. திரைக்கதை சொல்ல மறந்ததை எழுத்தோட்டம் சொல்லிவிட்டது. ஒரு படத்தைக் குறைகூறப் புறப்பட்டவனுக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது.

நவராத்திரி வந்தது. நான்காம் நாள் மாலை அப்பாவையும் மகளையும் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். அன்பர்கள் பலர் கண்ட இடம்தான். ஒன்பது நாளும் அரசர் இயற்றிய ஒன்பது கிருதிகளே, நாளுக்கு ஒன்றாக, முதன்மையாகப் பாடப்படும். விதானத்தின் கீழ் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும் மண்குடங்கள் நாதத்தை இதமாக்கும். கைதட்டும் வழக்கம் அங்கே இல்லை. நெடுங்காலம் பெண்கள் பாடாத அம்மண்டபத்தில் 2006இல் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார் என்பதை மகள் தாத்தாவின் காதில் சொன்னாள்.

அங்கே கொலுவிருக்கும் சரசுவதி எங்கிருந்து வருகிறாள் என்று அப்பா கேட்டார். பத்மநாபபுரத்திலிருந்து என்றேன். வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் உடன் வருவார்கள். மூன்றும் 1956 முதல் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஊர்கள். ஆண்டுதோறும் களியக்காவிளை எல்லையில் தமிழகக் காவலர் மரியாதை செய்து வழியனுப்ப, கேரளக் காவலர் மரியாதை செய்து வரவேற்பர். கம்பர் வழிபட்ட சரசுவதி அவள் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு. “அப்போ இந்த அம்மாவும் வருஷா வருஷம் நம்ம பக்கத்திலேருந்து வந்து போறவதானா?” என்று அப்பா மெல்லச் சொன்னார். பாட்டு தொடங்கிவிட்டது.

அன்றைய ராகம் தோடி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. தாத்தாவின் விரலைப் பார்த்துப் பார்த்துத் தன் தாளத்தைச் சரிசெய்துகொண்டாள் மகள். நான் வயலின் வாசித்தவரின் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடுபவர் ஒரு பிடியைப் பிடித்து நிறுத்த, அதை அப்படியே வாங்கித் திருப்பித் தந்தது வயலின். இந்நகரத்தில் இந்த வாத்தியம் தஞ்சாவூர் இளைஞன் ஒருவன் கையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பேசத் தொடங்கியது என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது. அந்த இளைஞனுக்கும் இவ்வூர்ச் சோறு பருமனாகத்தான் இருந்திருக்கும். இவ்வூர் மழையும் காலநேரம் பார்த்திருக்காது.

கச்சேரி முடிந்து பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டி நடந்து வந்தோம். மறுநாள் காலை அப்பா புறப்பட வேண்டிய நாள். பயணச்சீட்டு வழக்கம்போல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் அருகே வந்ததும் அவர் நின்று, பேத்தியைப் பார்த்துக் கேட்டார்:

“நாளைக்கு என்ன ராகம்மா?”

“பைரவி, தாத்தா.”

“பைரவியா? அதைக் கேக்காம எப்படிப் போறது?” என்று சொல்லிவிட்டு, பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.